இருநூறு வெள்ளிக்கு சோலும் ஃபங்கும்: எந்தத் தட்டை வாங்குவது?

என் அக்கா மகன் போன தீபாவளி போனஸில் இசைத்தட்டு ஓட்டுகிற ஒரு பெட்டி பிளேயர் வாங்கினான். சூட்கேஸ் மாதிரி மூடித் தூக்கிக்கொண்டு போகிற வகை, ஸ்பீக்கரும் உள்ளேயே. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை எங்கள் வீட்டு மேசைமேல் கொண்டுவந்து வைத்தான். "மாமா, இருநூறு வெள்ளி எடுத்து வெச்சிருக்கேன். பழைய சோல், ஃபங்க் பாட்டு வேணும். ஒவ்வொரு பாடகருக்கும் தனித்தனியா வாங்கக் கட்டுப்படியாகாது. ஒரே தட்டுல நெறையப் பாட்டு இருக்கிற மாதிரி பார்த்துச் சொல்லுங்க."

சோலும் ஃபங்கும் அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாட்டு வகைகள். சுங்கை சிப்புட்டில் இதைக் கேட்க வேறு ஆள் இல்லை, அதனால் என்னிடம் வந்தான். எனக்கு இந்தப் பைத்தியம் பெரியப்பா வழியில் வந்தது. அவர் தோட்டத்தில் கிராணி. துரை நாடு திரும்பியபோது பங்களாச் சாமான்களை வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். பெரியப்பா ஒரு ரேடியோகிராமையும் (ரேடியோவும் பிளேயரும் சேர்ந்த பெட்டி) அதற்குள் கிடந்த பத்துப் பன்னிரண்டு தட்டுகளையும் லோரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். அதில் ஒன்றின் அட்டை வெள்ளித்தாள் மாதிரி பளபளக்கும், முகம் தெரியும். அதைக் கண்ணாடியாகப் பிடித்துத் தலைவாரிக்கொண்டு நாங்கள் பள்ளிக்கூடம் போயிருக்கிறோம். பாட்டைக் கேட்டது பல வருஷம் கழித்து. அந்தத் தட்டைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

"இந்த இங்கிலீஸ்காரன் பாட்டெல்லாம் நமக்கு எதுக்குடா?" என்று அடுப்படியிலிருந்து அக்கா குரல் கொடுத்தாள். பினாங்கு அலிகேட்ஸை நினைவுபடுத்தினேன். லோகநாதன், டேவிட் ஆறுமுகம் சகோதரர்கள், நம் பிள்ளைகள். மலாய்ப் பாட்டில் கொடிகட்டிப் பறந்தவர்கள். தலையில் குடை மாதிரி அந்த ஆஃப்ரோ முடி இங்கிலீஸ்காரனிடமிருந்து வந்ததல்ல, அமெரிக்கக் கறுப்பின இசைக்காரர்களைப் பார்த்து வந்தது. முடி மட்டுமா வந்தது? அக்கா பதில் சொல்லவில்லை. சட்டியில் கடுகு போட்டாள்.

மருமகனின் கேள்வியிலேயே ஒரு கோளாறு இருந்தது. ஒரே தட்டில் நிறையப் பாட்டு வேண்டும் என்கிறவன் தட்டு எப்படி வேலை செய்கிறது என்பதைப் பார்க்கவில்லை. நிமிஷத்துக்கு முப்பத்து மூன்றும் மூன்றிலொரு பங்கும் சுற்று சுற்றும் எல்பி என்கிற பெரிய தட்டில் ஒரு பக்கத்துக்குப் பதினெட்டு முதல் இருபத்திரண்டு நிமிடம்வரை வசதியாக இடம் உண்டு. அதற்குமேல் திணித்தால் ஊசி ஓடுகிற தடங்களை நெருக்கிப்போட வேண்டும். நெருக்கினால் ஒலி அளவைக் குறைக்க வேண்டும். முதலில் அடிபடுவது பேஸ், ஏனென்றால் தாழ்ந்த ஒலிக்குத்தான் தடம் அகலமாக வளைந்து போகும். மற்ற இசைக்கு இது சின்ன நஷ்டம். சோலுக்கும் ஃபங்குக்கும் இது முதலுக்கே மோசம். உறுமி மேளத்தில் உறுமியை எடுத்துவிட்டு ஜால்ராவை மட்டும் வைத்துக்கொண்டு சாமி வருமா?

ஆகவே அட்டையைத் திருப்பிப் பாட்டுகளை எண்ணச் சொன்னேன். பன்னிரண்டு என்றால் தாராளம். பதினாறு சரி. இருபதைத் தொட்டால் யோசிக்க வேண்டும்.

இருபதைத் தொடுவதில் பெயர்போனது கே-டெல் கம்பெனி. கனடாவின் வின்னிபெக் நகரத்து ஃபிலிப் கைவ்ஸ் என்பவர் டிவி விளம்பரத்தில் சமையல் சாமான் விற்றுப் பழகியவர். அதே வேகத்தில் 1966-இல் ஒரு பாடல் தொகுப்பை விற்றுப் பார்த்தார், பிய்த்துக்கொண்டு போனது. எழுபதுகளில் உலகம் முழுக்க கே-டெல் தட்டுகள்தான். 1973-இல் வந்த 'சூப்பர் பேட்' சோலும் ஃபங்கும் கலந்த தொகுப்பு. பட்டியலைப் படித்தால் நாக்கில் எச்சில் ஊறும். ஊசியை வைத்தால் வேறு கதை. இருபது பாட்டை அடைக்க நடுவில் ஒரு சரணத்தை வெட்டுவார்கள், முடிவை முன்னாலேயே மங்கவைப்பார்கள். ஒலி பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி கேட்கும். நான் வால்யூமை ஏற்றி ஏற்றிப் பார்த்திருக்கிறேன். ஏறுவது இரைச்சல்தான்.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். மருமகன் வாங்கியிருக்கிற பெட்டி பிளேயரில் கே-டெல் நன்றாகவே ஓடும். அந்த வகைப் பிளேயரில் ஊசி கனமாக இறங்கும், ஊசியைத் தாங்கும் கை லேசாக ஆடும், பேஸ் பலமாக வெட்டப்பட்ட தட்டில் ஊசி துள்ளிவிடும். கே-டெல்லில் துள்ள என்ன இருக்கிறது? பத்து வெள்ளிக்குக் கிடைத்தால் வாங்கலாம், எந்தப் பாட்டு பிடிக்கிறது என்று கண்டுபிடிக்க உதவும். இருபது கொடுக்க நான் தயாரில்லை.

இதைவிட மோசமான வகை இன்னொன்று உண்டு. அட்டையில் தெரிந்த பாட்டுப் பெயர்களெல்லாம் இருக்கும், பாடகர் பெயர் எங்கும் இருக்காது. பிரிட்டனில் 1968 முதல் வந்த 'டாப் ஆஃப் த பாப்ஸ்' மலிவுத் தட்டுகள் இப்படித்தான்: கூலிக்கு வந்த பாடகர்கள் அன்றைய ஹிட் பாட்டை நகலெடுத்துப் பாடியவை. நம் ஊர் ஆர்கெஸ்ட்ராவில் எஸ்பிபி பாட்டு பாடுகிற மாதிரி. நேரில் கேட்டால் கைதட்டலாம், தட்டு வாங்கி வீட்டில் வைத்துக் கேட்பார்களா? இதற்கு அண்ணன் ஒருவன் இருக்கிறான். பாடகர் அசல்தான், ஆனால் பத்துப் பதினைந்து வருஷம் கழித்து அவரே மறுபடி பாடிக் கொடுத்தது. அதைப் பின்னட்டையில் எறும்பெழுத்தில் ஒரு வரியாகப் போட்டிருப்பார்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள்.

அடுத்தது கடையில் புதிதாக, பிளாஸ்டிக் சுற்றி, 180 கிராம் என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்கும் ஐரோப்பியத் தொகுப்புகள். ஈப்போவில் ஒரு பேரங்காடியில் நானே ஏமாந்திருக்கிறேன். அட்டையில் சோல், ஃபங்க் என்று கொட்டை எழுத்து, ஆஃப்ரோ முடியோடு ஒரு பெண் படம், விலை அறுபத்தைந்து வெள்ளி. வீட்டுக்கு வந்து போட்டால் இனிமையான பழைய பாட்டுகள், ஃபங்க் மட்டும் ஒரு சொட்டுக்கூட இல்லை. ஏன் என்று பிறகு யோசித்தபோதுதான் விஷயம் பிடிபட்டது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒலிப்பதிவுகளுக்கு முன்பு ஐம்பது வருஷம்தான் உரிமை. 2011-இல் சட்டத்தை மாற்றி எழுபதாக நீட்டினார்கள், 2013 நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. அதற்குள் ஐம்பது வருஷம் கடந்துவிட்ட பதிவுகளுக்கு நீட்டிப்பு கிடையாது. அதாவது 1962 வரை வெளியானவற்றை யார் வேண்டுமானாலும் தட்டாக அடித்து விற்கலாம், ஒலிப்பதிவுக் கம்பெனிக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. மலிவின் ரகசியம் இதுதான். ரே சார்ல்ஸின் 'வாட்'ட் ஐ சே' 1959, பென் ஈ. கிங்கின் 'ஸ்டாண்ட் பை மீ' 1961, மார்வலெட்ஸின் 'ப்ளீஸ் மிஸ்டர் போஸ்ட்மேன்' 1961, புக்கர் டீயின் 'கிரீன் ஆனியன்ஸ்' 1962. எல்லாம் வாசலுக்கு இந்தப் பக்கம். ஜேம்ஸ் பிரவுன் ஃபங்குக்குக் கால்கோள் போட்ட 'பாப்பாஸ் காட் எ பிராண்ட் நியூ பேக்' 1965. 'கோல்ட் ஸ்வெட்' 1967. நியூ ஆர்லியன்ஸ் மீட்டர்ஸின் 'சிஸி ஸ்ட்ரட்' 1969. எல்லாம் வாசலுக்கு அந்தப் பக்கம். உரிமை வாங்காமல் அடித்த மலிவுத் தட்டில் ஃபங்க் இருக்க வழியே இல்லை, அட்டையில் யார் முடி எப்படி இருந்தாலும்.

அதற்காக அதைக் குப்பை என்று சொல்ல மாட்டேன். பக்கத்துக்கு ஏழு பாட்டு என்றால் ஒலி மோசமில்லை, தட்டு புதிது, கீறல் இல்லை. சோலின் ஆரம்பகாலம் மட்டும் போதும், சாம் குக், எட்டா ஜேம்ஸ், சின்ன வயது ஜேம்ஸ் பிரவுன் கேட்டால் போதும் என்பவருக்கு நல்ல சரக்குத்தான். 180 கிராமை மட்டும் நம்பாதீர்கள். தட்டு கனத்துவிட்டால் ஒலி மேம்பட்டுவிடாது. எந்த மூலத்திலிருந்து எடுத்தார்கள் என்பதுதான் கணக்கு, அதை இந்த வகை அட்டைகள் பெரும்பாலும் சொல்வதில்லை.

இனி அந்த வெள்ளி அட்டை. 'மோட்டவுன் சார்ட்பஸ்டர்ஸ்' மூன்றாம் தொகுதி, 1969. மோட்டவுன் டெட்ராய்ட் நகரத்துக் கம்பெனி, பெர்ரி கோர்டி 1959-இல் தொடங்கியது. ஆனால் இந்த வரிசை பிரிட்டனுக்காகத் தொகுக்கப்பட்டது. இந்தத் தட்டு அங்கே எல்பி விற்பனையில் முதலிடம் பிடித்தது, அடுத்து வந்த நாலும் ஐந்தும்கூட. லட்சக்கணக்கில் விற்ற சாமான் என்பதால்தான் இன்றும் மலிவு. அரிதாக இருந்தால் விலை ஏறியிருக்கும். பிரிட்டிஷ்காரர் காலடி பட்ட இடத்தில் பிரிட்டிஷ் தட்டு கிடைப்பதும் அதிசயமில்லை.

பதினாறு பாட்டு, பக்கத்துக்கு எட்டு. எல்லாம் இரண்டே முக்கால் மூன்று நிமிடப் பாட்டுகள் என்பதால் நெரிசல் தெரியாது. முதல் பாட்டே மார்வின் கேயின் 'ஐ ஹர்ட் இட் த்ரூ த கிரேப்வைன்'. தன்னவள் வேறொருவனை நினைக்கிறாள் என்பதை ஊர் வாயால் கேட்டுத் தெரிந்துகொள்கிறவனின் புலம்பல். லயத்து வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் பாட்டைத் தனியாக விளக்க வேண்டாம். இந்த வீட்டில் இருமினால் பத்தாவது வீட்டில் கஷாயம் வைப்பார்கள். தொடர்ந்து ஸ்டீவி வொண்டர், டெம்டேஷன்ஸ், ஃபோர் டாப்ஸ், ஜூனியர் வாக்கர், கடைசியில் ஸ்மோக்கி ராபின்சனின் 'டிராக்ஸ் ஆஃப் மை டியர்ஸ்'. எல்லாப் பாட்டுக்கும் கீழே மோட்டவுனின் வீட்டு வாத்தியக்குழு, அதில் பெரும்பாலானவற்றில் ஜேம்ஸ் ஜேமர்சனின் பேஸ் கிட்டார். மனுஷன் ஒரே விரலால் வாசித்தவர். இளையராஜா பாட்டில் பேஸ் தனியாக ஒரு பாட்டுப் பாடிக்கொண்டு போகிறதைக் கேட்டுப் பழகியவனுக்கு ஜேமர்சன் சொந்தக்காரர் மாதிரி தெரிவார். கே-டெல் நெருக்கத்தில் காணாமல் போவது இந்த விரல்தான்.

ஒரு குறை: எல்லாம் டெட்ராய்ட். சீவிச் சிங்காரித்த சோல். வியர்வை வழிகிற தெற்கத்திச் சோல் வேண்டுமென்றால் அட்லாண்டிக் கம்பெனி 1968-இல் பிரிட்டனில் விட்ட 'திஸ் இஸ் சோல்'. மாதிரிக்குச் சுவைத்துப் பார் என்று மலிவு விலையில் விற்ற தட்டு. பன்னிரண்டே பாட்டு. ஒட்டிஸ் ரெடிங், வில்சன் பிக்கெட், அரீத்தா ஃபிராங்க்ளின், பெர்சி ஸ்லெட்ஜ், சாம் அண்ட் டேவ். மெம்ஃபிஸின் ஸ்டாக்ஸ் கம்பெனிப் பதிவுகளை அப்போது அட்லாண்டிக்தான் விநியோகித்தது, அதனால் இரண்டு வீட்டுச் சமையலும் ஒரே இலையில். என்னைக் கேட்டால் ஒலியில் இது சார்ட்பஸ்டர்ஸைவிட ஒரு படி மேல். கண்ணில் படுவதுதான் குறைவு.

இதுவரை சோல். ஃபங்குக்குத் தொகுப்பு வாங்குவதே சிக்கல் என்பது என் கட்சி. சோல் பாட்டு மூன்று நிமிடத்தில் கதை சொல்லி முடிக்கும். ஃபங்க் அப்படியில்லை. ஒரு அடியைப் பிடித்துக்கொண்டு, முதல் மாத்திரையில் அழுத்தி, திரும்பத் திரும்ப அரைத்து, கேட்பவன் தன்னை மறக்கிறவரை விடாது. தைப்பூசத்தில் காவடிக்கு முன்னால் அடிக்கிறவர்கள் மூன்று நிமிடத்தில் நிறுத்திவிட்டுப் போனால் எப்படி இருக்கும்? ஆனால் அந்தக் காலத்துச் சின்னத் தட்டில் ஒரு பக்கத்துக்கு அவ்வளவுதான் போடுவார்கள். அதனால் ஜேம்ஸ் பிரவுன் பாட்டுகள் பாதியாக வெட்டப்பட்டு, ஒரு பக்கம் பாகம் ஒன்று, மறுபக்கம் பாகம் இரண்டு என்று வந்தன. மலிவுத் தொகுப்பு எடுத்துக்கொள்வது வழக்கமாகப் பாகம் ஒன்றை மட்டும்.

'ஃபங்கி டிரம்மர்' இதற்கு நல்ல உதாரணம். 1969 நவம்பரில் பதிவானது, 1970-இல் இரண்டு பாகமாக வந்தது. கிளைட் ஸ்டபிள்ஃபீல்டு தனியாக டிரம்ஸ் அடிக்கும் அந்தச் சில வினாடிகளைத்தான் பிறகு ஹிப்ஹாப்காரர்கள் நூற்றுக்கணக்கான பாட்டுகளில் எடுத்துப் போட்டார்கள். (பாட்டு எழுதியவர் பட்டியலில் அவர் பெயர் இல்லை. அடித்தது அவர், உரிமை வேறு ஆளுக்கு. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இந்தக் கதை புதிதா என்ன.) முழுப் பதிவில் அந்த இடம் ஐந்து நிமிடம் கடந்த பிறகுதான் வரும். பாகம் ஒன்றோடு நிற்கிற தொகுப்பில் பெயர் இருக்கும், அந்த அடி இருக்காது.

1986-இல் பாலிடோர் கம்பெனி 'இன் த ஜங்கிள் குரூவ்' என்ற இரட்டைத் தட்டை வெளியிட்டது. 1969 முதல் இரண்டு மூன்று வருஷங்களின் ஜேம்ஸ் பிரவுன் மட்டும், பாட்டுகளை நீளமாகவே விட்டு. 'ஃபங்கி டிரம்மர்' முழுசாக. பூட்ஸி காலின்ஸ் பேஸ் வாசித்த பாட்டுகளும் உண்டு. நான்கு பக்கத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல், அதாவது தடங்களுக்கு மூச்சுவிட இடம். ஒரே ஆள் பாட்டுதானே என்று மருமகன் முகம் சுளித்தான். நான் பார்த்த புதிய அச்சு நூற்றைம்பது வெள்ளிக்குக் குறையவில்லை, அதற்கும் சுளித்தான். ஆனால் பலர் பாட்டை அரையும் குறையுமாக வைத்திருக்கிற நாலு தொகுப்பைவிட இந்த ஒன்றில் ஃபங்க் என்றால் என்ன என்று பிடிபட்டுவிடும்.

'அல்டிமேட் பிரேக்ஸ் அண்ட் பீட்ஸ்' என்று 1986 முதல் 1991 வரை இருபத்தைந்து தொகுதி வந்தது. டிஜேக்களுக்காக டிரம்ஸ் அடி பிரமாதமாக இருக்கும் பாட்டுகளைத் தேடித் தொகுத்தது. விசேஷ மேடையில் பாட்டு போடுகிற பிள்ளைகளுக்கு நான் அதைச் சொல்வேன். மருமகனுக்கு வேண்டாம். சிகாகோவின் நியூமெரோ கம்பெனி 2004 முதல் விடும் 'எக்சென்ட்ரிக் சோல்' வரிசையும் அருமை, ஊர் பேர் தெரியாமல் போன சின்னக் கம்பெனிப் பாட்டுகளைத் தோண்டி எடுத்து, கதையும் எழுதி, அழகாகப் போடுகிறார்கள். தெரிந்த பாட்டு ஒன்றும் இருக்காது, விலையும் மலிவில்லை. முதல் தட்டாக வாங்கக் கூடாது, பத்தாவது தட்டாக வாங்கலாம்.

எங்கே வாங்குவது என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. வெளிநாட்டிலிருந்து தபாலில் வரவழைத்தால் தட்டு முப்பது வெள்ளி, தபால் அறுபது வெள்ளி என்று வரும். 2024 ஜனவரி முதல் ஆன்லைனில் வாங்கும் ஐந்நூறு வெள்ளிக்குட்பட்ட இறக்குமதிச் சாமானுக்குப் பத்து சதவீத வரி வேறு. ஒரு மலிவுத் தட்டுக்காக அதைச் செய்வது கோழிக்குஞ்சு வாங்க லோரி பிடிப்பது மாதிரி. ஈப்போவில் ஞாயிற்றுக்கிழமை காலை லோக்கென் சந்தை அரை மணி நேரத்தில். பெட்டாலிங் ஜெயாவில் அம்கோர்ப் மால் இருக்கிறது, பெரிய இடம், விலையும் தெரிந்தவர்களின் விலை. லோக்கெனில் தாள் மாதிரி மெல்லிய அட்டையோடு, சில சமயம் சிவப்பு, பச்சை நிறத்தில் தைவான் திருட்டு அச்சுத் தட்டுகளும் கிடைக்கும். அழகுக்கு வைத்துக்கொள்ளலாம், கேட்பதற்கு அடைமழை.

நம் ஊர் ஈரத்தில் பழைய தட்டு என்றால் பூஞ்சணம் நிச்சயம். சாம்பல் புள்ளி மாதிரி தெரிவது பூஞ்சணம், கழுவினால் போய்விடும், அதைக் காட்டி விலையைக் குறையுங்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கும்போது நகத்தில் தட்டுப்படும் கீறல்தான் போகாது. வடிநீரில் (காய்ச்சி வடித்த தண்ணீரில்) இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, மெல்லிய துணியால் தடம் போகிற வாக்கில் துடைத்து, மறுபடி வெறும் வடிநீரில் அலசி நிழலில் நிறுத்திவைத்தால் போதும். நடுவில் இருக்கும் காகிதம் நனையக் கூடாது. வாங்கிய தட்டை வெயிலில் நிற்கும் காடியில் வைத்துவிட்டு மீ சாப்பிடப் போகாதீர்கள். நான் போயிருக்கிறேன். திரும்பி வந்தபோது வறுத்த அப்பளம்.

மருமகனும் நானும் அடுத்த ஞாயிறே லோக்கென் போனோம். சார்ட்பஸ்டர்ஸ் நாலாம் தொகுதி கிடைத்தது, அட்டையில் தண்ணீர்க் கறை, தட்டு சுத்தம். சீன அங்கள் ஐம்பது சொன்னார், பூஞ்சணத்தைக் காட்டி முப்பத்தைந்துக்கு வாங்கினோம். ஒரு வாரம் கழித்து 'ஜங்கிள் குரூவ்' புதிய அச்சுக்கு நூற்று ஐம்பத்தைந்து. மிச்சம் பத்து வெள்ளி. அதில் வடிநீர் வாங்கு என்று சொல்லி அனுப்பினேன். பயல் கே-டெல் ஒன்று வாங்கிக்கொண்டு வந்து நின்றான், அட்டைப் படம் பிடித்ததாம்.

பெட்டி பிளேயரில் 'ஃபங்கி டிரம்மர்' ஓடவில்லை. பயந்த மாதிரியே ஊசி துள்ளியது. கே-டெல் துள்ளாமல் ஓடியது. இப்போது ஜேம்ஸ் பிரவுன் தட்டு என் வீட்டில் இருக்கிறது. அவன் ஞாயிற்றுக்கிழமை பசியாற வருகிறான், ரேடியோகிராம் போன இடத்தில் நான் வைத்திருக்கும் பிளேயரில் போட்டுக் கேட்கிறான். நல்ல ஊசியோடு ஒரு பிளேயருக்குக் காசு சேர்க்கிறானாம். எவ்வளவு ஆச்சு என்று நான் கேட்பதில்லை. அக்காதான் போன வாரம் தோசை சுட்டுக்கொண்டே, "அந்த முன்னாடிப் பாட்டையே திருப்பிப் போடுடா" என்றாள்.